ஆதாமின் நாசியில் ஊதின மூச்சும் பூட்டிய வீட்டுக்குள் ஊதின மூச்சும் ஒன்றா, வேறா?

#1 – இரணியல்_வாசகன்

ஆதியாகமம் 2:7ல் கர்த்தர் மண்ணினால் உருவாக்கின மனுஷனுடைய நாசியில் ஜீவசுவாசத்தை ஊதுகிறார், மனுஷன் ஜீவாத்துமாவாகிறான். யோவான் 20ல், யூதருக்குப் பயந்து கதவைப் பூட்டிக்கொண்டிருந்த சீஷர்கள் நடுவே உயிர்த்தெழுந்த இயேசு வந்து நின்று, அவர்கள்மேல் ஊதி, “பரிசுத்த ஆவியைப் பெற்றுக்கொள்ளுங்கள்” என்கிறார். இந்த இரண்டும் ஒரே மூச்சா?

வேதாகம வினாடிவினாவுக்காகக் கேட்கவில்லை. எங்கள் வாலிபர் கூட்டத்தில் இதை வைத்துப் பெரிய வாக்குவாதமே நடந்துவிட்டது. ஒன்றுதான் என்றால், மூச்சு விடுகிற எல்லாருக்குள்ளும் பரிசுத்த ஆவியானவர் வாசமாயிருக்கிறார் என்று ஆகிவிடும். அப்புறம் சீஷர்கள்மேல் ஆவியானவர் இறங்கின பெந்தெகொஸ்தே நாள் எதற்கு, ஞானஸ்நானம் எதற்கு என்று ஒரு பக்கம். வேறுதான் என்றால், நம் பக்கத்து வீட்டுக்காரருடைய மூச்சு ஏதோ இரண்டாந்தர மூச்சு என்று ஆகிவிடாதா என்று இன்னொரு பக்கம். எங்கள் தெருவில் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயம் இருக்கிறது, கத்தோலிக்கரின் சிறு சிலுவைக் கோயிலான குருசடி இருக்கிறது, கொஞ்சம் தள்ளி பெந்தெகொஸ்தே சபை, அதற்கு எதிரே முத்தாரம்மன் கோயில். குமரி மாவட்டத்தில் பாதித் தெருக்கள் இப்படித்தான். அதனால் பிள்ளைகளுக்கு இது ஏட்டுக் கேள்வி இல்லை.

என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். கொடுக்கிறவர் ஒருவரே. முதல் முறை கொடுத்தது உயிர். இரண்டாம் முறை கொடுத்தது தம்மையே. இரண்டாவது கிடைத்தவர்கள் முதலாவதை மட்டமாகப் பேசக் கூடாது. எல்லாச் சபைக்காரர்களும் எழுதுங்கள். வசனத்தோடு எழுதினால் பிள்ளைகளிடம் காட்ட உதவும்.

#2 – சீயோன்_களியக்காவிளை

பிரதர், வேறுதான். இதில் மழுப்ப வேண்டியதில்லை.

நிக்கொதேமு ராத்திரியில் இயேசுவிடம் வந்தபோது அவருக்கு மூச்சு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. படித்தவர், யூதருக்குள்ளே அதிகாரி. அவரைப் பார்த்துத்தான் ஆண்டவர் “நீங்கள் மறுபடியும் பிறக்கவேண்டும்” என்கிறார். ஆதாமிடமிருந்து வந்த மூச்சு போதும் என்றால் அந்த உரையாடலுக்கே வேலை இல்லை. யோவான் 7:39ஐயும் பாருங்கள். இயேசு இன்னும் மகிமைப்படாதபடியால் பரிசுத்த ஆவி இன்னும் அருளப்படவில்லை என்று தெளிவாக எழுதியிருக்கிறது. அந்த நேரத்தில் எருசலேமில் எல்லாரும் மூச்சு விட்டுக்கொண்டுதானே இருந்தார்கள்?

1 கொரிந்தியர் 15:45ல் பவுல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். முந்தின ஆதாம் ஜீவாத்துமாவானான், பிந்தின ஆதாம் உயிர்ப்பிக்கிற ஆவியானார். முந்தினவன் வாங்கிக்கொண்டவன், பிந்தினவர் கொடுக்கிறவர். இந்த வித்தியாசத்தைக் குறைத்தால் சிலுவையையே குறைக்கிறோம்.

#3 – கோட்டாறு_வாசி

நான் கத்தோலிக்கன். இந்தக் கேள்வி நம் வாலிபர் கூட்டத்துக்கு முன்பே ஆதித் திருச்சபையில் எழுந்தது.

இரண்டாம் நூற்றாண்டில் லியோன் நகர ஆயராக இருந்த புனித இரனேயு, #2 சகோதரர் சொல்கிற பக்கம்தான். உயிர்மூச்சு மனிதனை உயிருள்ளவன் ஆக்குகிறது, ஆவியார் அவனை ஆவிக்குரியவன் ஆக்குகிறார். மூச்சு காலத்தோடு முடிவது, ஆவியார் என்றென்றும் உள்ளவர் என்று பிரித்துச் சொல்கிறார். அதற்கு அவர் எடுத்துக்கொள்கிற இடம் எசாயா 42:5. மண்ணுலகில் இருக்கிறவர்களுக்கு மூச்சையும் அதில் நடமாடுகிறவர்களுக்கு ஆவியையும் தருகிற ஆண்டவர் என்று அங்கே வருகிறது. புனித அகுஸ்தினாரும் தொடக்கநூல் (ஆதியாகமம்) 2:7ல் ஊதப்பட்டது தூய ஆவியார் அல்ல என்றுதான் வாதிடுகிறார்.

ஆனால் ஐந்தாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் புனித சிரில் வேறு விதமாகப் பார்க்கிறார். முதல் மனிதன் அந்த மூச்சோடு ஆவியாரையும் பெற்றான், பாவத்தால் இழந்தான், உயிர்த்த ஆண்டவர் அதே மாதிரி ஊதி அதைத் திருப்பித் தருகிறார் என்பது அவருடைய விளக்கம். யோவான் 20ல் ஆண்டவர் ஏன் கையை வைக்காமல் ஊதினார் என்று யோசித்தால் சிரில் சொல்வதற்குப் பலம் இருக்கிறது. படைத்தவர் நான்தான், மறுபடியும் படைக்க வந்திருக்கிறேன் என்று அந்தச் செயலே சொல்கிறது. கல்வாரியில் தலை சாய்த்து ஆவியை ஒப்படைத்தவர், மூன்றாம் நாள் மாலையில் அதே ஆவியைச் சீடர்கள்மேல் ஊதுகிறார். இந்த இரண்டு இடத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் உடம்பு சிலிர்க்கும்.

எங்கள் வழிபாட்டில் இது இன்னும் உயிரோடு இருக்கிறது. பெரிய வியாழனை ஒட்டி ஆயர் எண்ணெய்களை மந்திரிக்கும் திருப்பலியில், கிறிஸ்மா என்ற புனித எண்ணெய்ப் பாத்திரத்தின் வாய்மேல் குனிந்து ஊதுவார். பார்க்கச் சின்னச் செயல். பின்னால் நிற்கிறவர்களுக்குத் தெரியக்கூடச் செய்யாது. அந்த எண்ணெய் பிறகு எல்லாப் பங்குகளுக்கும் போகிறது. திருமுழுக்குப் பெறும் குழந்தையின் உச்சந்தலையில் பூசுவதும், உறுதிபூசுதலில் நெற்றியில் பூசுவதும் அதுதான். 2014ல் குழித்துறை தனி மறைமாவட்டம் ஆனதிலிருந்து அங்கேயும் அவர்களுடைய ஆயர் இதைச் செய்கிறார்.

அதனால் என் பதில்: பிரித்துச் சொல்லலாம், ஆனால் வெட்டிப் பிரிக்கக் கூடாது. 381ல் கான்ஸ்டான்டிநோபிள் சங்கம் ஆவியாரை “ஆண்டவர், உயிர் அளிப்பவர்” என்று அறிக்கையிட்டபோது, விசுவாசிகளுக்கு மட்டும் உயிர் அளிப்பவர் என்று எல்லை போடவில்லை.

#4 – பேச்சிப்பாறை_பையன்

எல்லாருக்கும் வணக்கம். அப்படியென்றால் ஆடு மாட்டுக்கும் அந்த மூச்சுதானா? எங்கள் வீட்டில் ஆடு குட்டி போடும்போது, மூக்கிலிருக்கும் சளியைத் துடைத்துவிட்டால்தான் குட்டி மூச்செடுக்கும். நான் பார்த்திருக்கிறேன்.

#5 – இரணியல்_வாசகன்

ஆம் தம்பி. ஆதியாகமம் 7:22ல் ஜலப்பிரளயத்தில் மாண்டுபோன எல்லாவற்றையும் “நாசியிலே ஜீவசுவாசமுள்ளவைகள்” என்றுதான் சொல்லியிருக்கிறது. மிருகமும் அதில் அடக்கம். சங்கீதம் 104:29, 30 இன்னும் தெளிவு. கர்த்தர் அவைகளின் சுவாசத்தை வாங்கிக்கொண்டால் அவை மாண்டு மண்ணுக்குத் திரும்பும். ஆவியை அனுப்பினால் சிருஷ்டிக்கப்படும், பூமியின் ரூபம் புதிதாகும். உன் ஆட்டுக்குட்டி அந்தச் சங்கீதத்துக்குள் இருக்கிறது.

மனுஷனுக்கு மட்டும் உள்ள விசேஷம், கர்த்தர் குனிந்து நேராக ஊதினார் என்பது. மற்ற எல்லாவற்றையும் சொல்லால் உண்டாக்கினவர் இங்கே முகத்துக்கு நேரே முகம் வைக்கிறார்.

#6 – சீயோன்_களியக்காவிளை

கோட்டாறு அண்ணன் சொன்ன வரலாறு நல்லது, நன்றி. எனக்குள்ள பயம் ஒன்றுதான். எல்லாருக்கும் ஆவி உண்டு, எல்லாரும் ஒன்று என்று பேசிப் பேசிக் கடைசியில் சுவிசேஷம் சொல்வதையே விட்டுவிடுவோம். எங்கள் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போனவர், பெரிய குடிகாரர். அவர் மூச்சு விட்ட ஆள்தான், ஆனால் அவர் உயிரோடு இருந்தார் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆவியானவர் அவரைத் தொட்ட பிறகுதான் எங்கள் வீட்டில் உயிர் வந்தது. இந்த வித்தியாசம் எனக்குப் புத்தகத்தில் படித்தது அல்ல.

#7 – கச்சான்காற்று

தூத்தூர்ப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம். வீட்டில் இருப்பதால் எல்லாப் பதிவையும் படித்தேன். நீங்கள் எல்லாரும் மூச்சைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் காற்றைப் பற்றிக் கேட்க வேண்டும்.

பெந்தெகோஸ்து திருவிழா அன்று கோயிலில் திருத்தூதர் பணிகள் 2 வாசிப்பார்கள். கொடுங்காற்று வீசுவதுபோன்ற இரைச்சல் வந்து வீட்டை நிறைத்தது என்று. அப்புறம் பாடற்குழு, ஆவியே வாரும், காற்றாய் வீசும் என்று பாடும். 2017க்கு முன்னால் நானும் சத்தமாகப் பாடினவன்தான். அந்த வருஷம் நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயல் வந்தது. நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரை எங்கள் எட்டு ஊரிலும் ஆழ்கடல் தொழில்தான். புயல் உருவாவதற்கு முன்பே போன படகுகள் வெகுதூரத்தில் கிடந்தன, அவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. திரும்பி வந்தவர்கள் சொன்ன காற்றின் சத்தம் இப்போதும் எங்கள் வீடுகளில் பேச்சில் வரும். வராதவர்கள் எத்தனையோ பேர். பல வீட்டில் அடக்கம் செய்ய உடல்கூட இல்லை.

இப்போது அந்த வாசகம் வரும்போது கோயிலில் சில பெண்கள் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டிலும் ஒருவர். அவர்களிடம் போய், ஆவியார் காற்றுபோல என்று நான் எப்படிச் சொல்வது? அவர்கள் கணவரின் மூச்சை எடுத்ததே காற்றுதானே?

இன்னொன்று. விபூதிப் புதன் அன்று சாமியார் நெற்றியில் சாம்பல் பூசி, மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய் என்கிறார். எங்கள் ஆட்கள் மண்ணுக்கே திரும்பவில்லை. அவர்கள் மூச்சு எங்கே போயிற்று? யாராவது தெரிந்தவர்கள் எழுதுங்கள். எனக்காகக் கேட்கவில்லை, வீட்டில் கேட்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

#8 – திங்கள்சந்தை_டீச்சர்

தம்பி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு உடனே எழுத முடியவில்லை. நான் ஓய்வு பெற்ற ஆசிரியை, சிஎஸ்ஐ சபை. ஞாயிறு பள்ளியில் பல வருஷம் பாடம் எடுத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அந்தப் பெண்கள் முகத்தை மூடுவதில் எந்தத் தவறும் இல்லை. வேதமே காற்றையும் கர்த்தரையும் ஒன்றாக்கிவிடுவது இல்லை. 1 இராஜாக்கள் 19ல் எலியா மலைமேல் நிற்கிறார். பர்வதங்களைப் பிளக்கிற பலத்த பெருங்காற்று வருகிறது. “ஆனாலும் அந்தக் காற்றிலே கர்த்தர் இருக்கவில்லை” என்று எழுதியிருக்கிறது. அப்புறம் பூமி அதிர்ச்சி, அதிலேயும் அவர் இல்லை. அக்கினியிலும் இல்லை. அதற்குப் பிறகுதான் அமர்ந்த மெல்லிய சத்தம். மாற்கு 4ல் படகு நிரம்புகிறபோது ஆண்டவர் எழுந்து காற்றை அதட்டுகிறார். அதட்ட வேண்டிய காற்று ஒன்று உண்டு என்பதைத் தொழில் செய்கிற உங்களைவிட யாருக்குத் தெரியும்? அவர் காற்றின் பக்கம் நிற்கவில்லை, படகுக்குள் இருந்தவர்கள் பக்கம் நின்றார். ஒக்கியை அனுப்பினது ஆவியானவர் என்று யாராவது பிரசங்கம் செய்தால், எழுந்து வெளியே போய்விடுங்கள்.

அப்போஸ்தலர் 2லும் வீட்டுக்குள் காற்று அடித்ததாக எழுதவில்லை. காற்று அடிப்பதுபோன்ற முழக்கம் கேட்டது. விளக்கு அணைந்ததாகவோ கூரை போனதாகவோ ஒரு வரியும் இல்லை. பயந்து ஒளிந்திருந்தவர்கள் எழுந்து வெளியே போய்ப் பேசினார்கள், அவ்வளவுதான் நடந்தது.

மண்ணைப் பற்றிக் கேட்டீர்கள். பிரசங்கி 12:7ல், மண் தான் இருந்த பூமிக்குத் திரும்பும், ஆவி தன்னைத் தந்த தேவனிடத்துக்கு மறுபடியும் போகும் என்று இரண்டு வாக்கியம் இருக்கிறது. இரண்டாவது வாக்கியம் முதலாவதற்காகக் காத்திருக்கவில்லை. உடல் கரை சேர்ந்தால்தான் ஆவி போகும் என்று சொல்லவில்லை.

ஆனால் உங்கள் வீட்டாருக்கு நான் வாசித்துக் காட்ட ஆசைப்படுவது எசேக்கியேல் 37. எல்லாரும் அதை எழுப்புதல் கூட்டத்துக்கு வைத்துக்கொள்வார்கள். கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள், அந்த எலும்புகள் எப்படிக் கிடந்தன? கல்லறையில் இல்லை. பள்ளத்தாக்கின் வெட்டவெளியில், திரளாக, மிகவும் உலர்ந்துபோய்க் கிடந்தன. கொலையுண்டவர்கள், யாரும் எடுத்து அடக்கம் செய்யவில்லை. யாருடைய எலும்பு எது என்று சொல்ல ஆளில்லை. அப்படிப்பட்டவர்களுக்குத்தான் கர்த்தர் நான்கு திசையிலிருந்தும் சுவாசத்தை வரவழைக்கிறார். முதலில் எலும்போடு எலும்பு சேருகிறது, நரம்பு வருகிறது, மாம்சம் வருகிறது, தோல் மூடுகிறது. “ஆனாலும் அவைகளில் ஆவி இல்லாதிருந்தது” என்ற இடத்தில் தீர்க்கதரிசி நிற்கிறார். முழு உடல் கிடைத்தாலும் அது போதாது என்பதுதான் அந்த இடம். உடலைக் கண்டெடுத்து அடக்கம் செய்த எங்களுக்கும், கிடைக்காத உங்களுக்கும் காத்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று, அந்தச் சுவாசம். வெளிப்படுத்தின விசேஷம் 20:13ல் சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது என்றும் இருக்கிறது. கடலுக்கும் கணக்குக் கொடுக்கிற நாள் உண்டு.

#9 – கச்சான்காற்று

டீச்சர், எசேக்கியேலை வீட்டில் வாசித்தேன். அவர்கள் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அந்தப் பக்கத்தை மறுபடி எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டார்கள்.

#10 – கோட்டாறு_வாசி

டீச்சர் எழுதினதற்கு மேல் சேர்க்க எனக்கு அதிகம் இல்லை. ஒன்று மட்டும். #7 அண்ணன் வீட்டில் கேட்கிறவர்களுக்கு, யோவான் 20ல் ஆண்டவர் ஊதுவதற்கு முன்னால் என்ன செய்தார் என்பதையும் சொல்லுங்கள். கைகளையும் விலாவையும் காட்டினார். காயத்தைக் காட்டிவிட்டுத்தான் ஊதினார். துக்கம் ஆறின பிறகு வா, அப்போது ஆவியைத் தருகிறேன் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை.

#11 – பேச்சிப்பாறை_பையன்

இன்னொரு கேள்வி கேட்கலாமா? கன்வென்ஷன் கூட்டங்களில் ஊழியக்காரர் மைக்கில் ஊதுகிறார், முன்னால் நிற்கிறவர்கள் வரிசையாக விழுகிறார்கள். அதுவும் யோவான் 20:22 என்று சொல்கிறார்கள். அது சரியா?

#12 – சீயோன்_களியக்காவிளை

தம்பி, நான் பெந்தெகொஸ்தே. பரிசுத்த ஆவியானவர் ஒரு மனுஷனைத் தரையில் விழவைக்க மாட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கு எல்லை வைக்க நான் யார்? காற்று தனக்கு இஷ்டமான இடத்திலே வீசுகிறது என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார். ஆனால் எங்கள் சபையில் மூப்பர்கள் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது இது. ஊதினவர் இயேசு. சீஷர்கள் வாங்கிக்கொண்டார்கள். பேதுருவோ யோவானோ அதன்பிறகு யார்மேலும் ஊதினதாக அப்போஸ்தலர் நடபடிகளில் ஓர் இடமும் இல்லை. ஜெபம்பண்ணினார்கள், கைகளை வைத்தார்கள். அந்த மூச்சு ஊழியக்காரனுடைய சொத்து இல்லை. மைக்கில் ஊதி ஜனங்களை எண்ணுவது எனக்கு மனவேதனையாக இருக்கிறது.

#13 – திங்கள்சந்தை_டீச்சர்

இந்தப் பதிலுக்காகக் களியக்காவிளைத் தம்பியை மெச்சுகிறேன்.

விழுவதா விழாததா என்பதைவிட அடுத்த வசனத்தைப் பார்க்க வேண்டும். 22ல் ஊதுகிறார், 23ல் என்ன சொல்கிறார்? எவர்களுடைய பாவங்களை மன்னிக்கிறீர்களோ அவைகள் அவர்களுக்கு மன்னிக்கப்படும் என்கிறார். அந்த மூச்சு உள்ளே போனதற்கு ஆண்டவர் காட்டுகிற முதல் அடையாளம் மன்னிப்பு. எங்கள் சபையில் இந்த இரண்டு வசனத்தையும் தனித்தனியாகப் பிரசங்கிப்பார்கள். சேர்த்துப் பிரசங்கித்தால் நமக்குக் கஷ்டமாகிவிடும்.

நான் மண்டைக்காட்டுக்குப் பக்கத்துக்காரி. 1982 மார்ச்சில் அங்கே இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் நடந்த கலவரமும் துப்பாக்கிச் சூடும், அதில் போன உயிர்களும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டுக் கதவும் சாயங்காலமே பூட்டிக்கிடந்தது. யோவான் 20ல் பூட்டிய கதவு என்று வாசிக்கும்போது எனக்கு அந்த நாட்கள்தான் ஞாபகம் வரும். கடற்கரையில் ஒரு பயம், உள்நாட்டில் ஒரு பயம். அப்போது குன்றக்குடி அடிகளார் நேரில் வந்து இரண்டு தரப்பையும் சந்தித்துச் சமாதானத்துக்காகப் பாடுபட்டார். அவர் சைவ மடத்தின் தலைவர். அவருக்கு அந்தத் துணிவையும் இரக்கத்தையும் யார் கொடுத்தது? நன்மையான எந்த ஈவும் மேலிருந்து வருகிறது என்று யாக்கோபு 1:17 சொல்லும்போது, வேறு பதில் எனக்குத் தெரியவில்லை.

இரணியல் தம்பியின் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பக்கத்து வீட்டுக்காரருக்குள் பரிசுத்த ஆவியானவர் எந்த அளவில் கிரியை செய்கிறார் என்று அளப்பது நம் வேலை இல்லை. அவருடைய மூச்சு கர்த்தர் கொடுத்தது என்பது நிச்சயம். பவுல் அத்தேனேயில் யாரிடம் பேசினார்? விசுவாசிகளிடம் அல்ல, விக்கிரகங்கள் நிறைந்த பட்டணத்தின் ஜனங்களிடம். அவர்களிடம்தான், தேவன் எல்லாருக்கும் ஜீவனையும் சுவாசத்தையும் சகலத்தையும் கொடுக்கிறவர் என்றார் (அப்போஸ்தலர் 17:25). அதைச் சொல்லிவிட்டு உயிர்த்தெழுதலையும் அறிவித்தார். முதலாவதைச் சொன்னதால் இரண்டாவதை விட்டுவிடவில்லை. இரண்டாவதைச் சொல்ல வேண்டும் என்பதற்காக முதலாவதை மறுக்கவும் இல்லை.

#14 – இரணியல்_வாசகன்

டீச்சர், இதை அப்படியே அச்செடுத்துக்கொள்கிறேன். அப்போஸ்தலர் 17:25 எங்கள் கூட்டத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

#15 – இரவுப்பணி_தக்கலை

நான் நர்ஸ். இந்த இழையைக் கொஞ்சம் கொஞ்சமாக, ட்யூட்டிக்கு இடையில் படித்து வருகிறேன். மூச்சு எங்களுக்குத் தினசரி வேலை, அதனால் சில விஷயம் சொல்கிறேன்.

முதலில் பிரசவ அறையில் இருந்தேன். வயிற்றுக்குள் இருக்கும்வரை குழந்தையின் நுரையீரலில் காற்று கிடையாது, நீர்தான் நிறைந்திருக்கும். பிராணவாயு கொடி வழியாக அம்மாவிடமிருந்து போகும். வெளியே வந்த முதல் நிமிஷத்துக்குள் அந்த நீர் விலகி, காற்று உள்ளே போயாக வேண்டும். பெரும்பாலான குழந்தைகள் தானாகவே அழுதுவிடும். சில குழந்தைகள் அழாது. துடைப்போம், முதுகைத் தேய்ப்போம். அப்பவும் மூச்சு எடுக்கவில்லை என்றால் மூக்கையும் வாயையும் மூடுகிற சின்ன மாஸ்க்கை வைத்துப் பையை அமுக்கி மெதுவாகக் காற்று கொடுப்போம். நெஞ்சு லேசாக எழும்பும். நாசியிலே ஊதினார் என்ற வசனம் அந்த இடத்தில் எனக்கு விளக்கமே இல்லாமல் புரிந்தது. எலிசா சூனேம் ஊர்ப் பையன்மேல் படுத்து வாயோடு வாய் வைத்ததும், பையன் ஏழுதரம் தும்மிக் கண் திறந்ததும் (2 இராஜாக்கள் 4) அப்படித்தான். கர்த்தர் கொடுக்கிற மூச்சுக்கு நம் கையும் உதவலாம் என்று நினைத்தால் இரவு முழுவதும் நிற்கத் தெம்பு வரும்.

அப்புறம் ஐசியூவுக்கு மாற்றினார்கள். 2021ல் இரண்டாவது அலை. எல்லா கட்டிலிலும் வென்டிலேட்டர். அங்கே எனக்கு வந்த கேள்வி வேறு. மெஷின் ஓடுகிறது, நெஞ்சு ஏறி இறங்குகிறது, ஆனால் மனுஷன் திரும்பி வரப்போவதில்லை என்று டாக்டருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். குடும்பத்தார் வெளியே நின்று, “மூச்சு இருக்குல்லா சிஸ்டர்?” என்று கேட்பார்கள். இருக்கிறது என்றால் அது யாருடைய மூச்சு? கர்த்தர் கொடுத்ததா, மெஷின் கொடுப்பதா? குழாயை எடுக்கச் சம்மதித்த பிள்ளைகள், கர்த்தர் கொடுத்த சுவாசத்தை நாங்களே எடுத்துவிட்டோமோ என்று பிற்பாடு வருஷக்கணக்கில் அழுவதை நான் கண்டிருக்கிறேன்.

ஒன்று கவனித்திருக்கிறேன். அந்தக் குழாய் குரல் நாண்களுக்கு நடுவே போவதால், நினைவு இருக்கிற நோயாளிக்கும் சத்தம் வராது. மூச்சு போய் வரும், ஒரு வார்த்தையும் பேச முடியாது, ஜெபம்கூட. ரோமர் 8:26ல், வேண்டிக்கொள்ளத் தெரியாத நமக்காக ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார் என்று இருக்கிறதே, அதை நான் அந்தக் கட்டில்களுக்குப் பக்கத்தில் நின்றுதான் நம்பத் தொடங்கினேன்.

#16 – கோட்டாறு_வாசி

அக்கா, குழாய் எடுத்த பிள்ளைகளைப் பற்றிச் சொன்னதற்கு எங்கள் திருச்சபையில் தெளிவான பதில் இருக்கிறது. செயற்கைச் சுவாசக் கருவி பரவத் தொடங்கின காலத்தில், 1957 நவம்பரில், மயக்க மருந்து மருத்துவர்கள் இதையே திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதரிடம் கேட்டார்கள். உயிரைக் காக்கச் சாதாரண வழிகளைக் கையாளக் கடமை உண்டு. திரும்பி வர நம்பிக்கையே இல்லாத நிலையில் அசாதாரண வழிகளைத் தொடர்ந்தே ஆக வேண்டும் என்ற கடமை இல்லை, கருவியை நிறுத்தலாம் என்று பதில் சொன்னார். அது கொலை இல்லை. மரணம் தன் வழியில் வர விடுவது.

என் சொந்த எண்ணம்: மெஷின் காற்றைத் தள்ளுகிறது. தள்ளுவதற்கு அதை உண்டாக்கின மனித அறிவும் கடவுள் கொடை, அதனால் மெஷினை இழிவாக நினைக்கத் தேவையில்லை. ஆனால் மூச்சைப் பிடித்து வைத்துக்கொள்ளும்படி ஆண்டவர் நமக்குச் சொல்லவில்லை. அவரே சிலுவையில், தந்தையே உம் கையில் என் உயிரை ஒப்படைக்கிறேன் என்று திருப்பிக் கொடுத்தார். அது திருப்பாடல் (சங்கீதம்) 31ன் வார்த்தை. அந்தப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், அவர்கள் எடுக்கவில்லை, ஒப்படைத்தார்கள்.

#17 – இரவுப்பணி_தக்கலை

நன்றி தம்பி. இதைச் சொல்ல வேண்டிய ஒரு குடும்பம் மனதில் இருக்கிறது.

இன்னொன்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். என் வார்டில் கிடப்பவர்களில் பாதிக்கு மேல் இந்துக்கள், முஸ்லிம்களும் உண்டு. கடைசி மூச்சு நேரத்தில் பல தடவை பக்கத்தில் குடும்பத்தார் யாரும் இருப்பதில்லை, நான் மட்டும்தான். அப்போது அவர்களுக்காக என்ன சொல்லி ஜெபிப்பது? சங்கீதம் 31ஐ அவர்கள் வாயில் நான் வைக்கலாமா? எங்கள் போதகரிடம் கேட்டேன், யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

#18 – சீயோன்_களியக்காவிளை

அக்கா, இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதலாம் என்று நினைக்கிறேன், வேறுதான் என்று முதலில் சொன்னவன் நான்தானே. இப்போதும் அதையே சொல்கிறேன். மறுபிறப்பு வேறு, பிறப்பு வேறு. ஆனால் நீங்கள் நிற்கிற அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் யோபு 12:10ஐ வைத்துக்கொள்ளுங்கள். “சகல பிராணிகளின் ஜீவனும், மாம்சமான சகல மனுஷரின் ஆவியும் அவர் கையிலிருக்கிறது.” யோபு இஸ்ரவேலன்கூட இல்லை, ஊத்ஸ் தேசத்தான். சகல மனுஷர் என்றால் சகல மனுஷர்தான்.

அதனால், “கர்த்தாவே, இவருக்கு இந்தச் சுவாசத்தைக் கொடுத்தவர் நீர், இவர் உம்முடைய கையில் இருக்கிறார், இரங்கும்” என்று மனதுக்குள் சொல்லுங்கள். இதில் பொய் ஒன்றும் இல்லை, விசுவாசத்துக்கு விரோதமும் இல்லை. அவர் இருதயத்தில் அந்தக் கடைசி நேரத்தில் என்ன நடக்கிறது என்பதைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார். சத்தமாக வேண்டாம். காது கடைசிவரை கேட்கும் என்பார்கள். பழக்கமில்லாத ஜெபச் சத்தம் கேட்டு அவர் பயப்படக் கூடாது. குடும்பத்தார் வெளியே நிற்கிறார்கள் என்றால், அவர்களில் ஒருவரை உள்ளே விடச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் முறைப்படி அவர்கள் சொல்லட்டும். கிறிஸ்தவர் என்றால் மட்டும் சங்கீதம் 31:5ஐக் காதோரம் வாசியுங்கள். அவருக்குப் பழக்கமான மொழிபெயர்ப்பிலேயே வாசித்தால் நல்லது.